அடி காணாத ஜாடி

"வெள்ளிக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துடலாம்னு நினைக்கிறேன் ஹம்சா" என்றார் டாக்டர் கங்காதரன். முருங்கை மரத்தில் கிளை கழிப்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அவர் எடுப்பதாகச் சொன்னது என் தம்பி அம்பியின் வலது காலை. அன்றைக்குத் திங்கட்கிழமை.

"எடுக்கறதாவது! இருபத்தேழு வயசு சார் அவனுக்கு!" என்று கத்தினேன். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். கோபம் வந்தால் எனக்குக் குரல் தாழாது. பள்ளிக்கூடத்திலேயே அதற்குப் பேர் வாங்கியவள் நான்.

"சீழ் எலும்புக்குள்ளே போயிடுச்சும்மா. பம்பாயிலேர்ந்து வரவழைச்ச ஊசியும் கேக்கலை. இன்னும் காத்திருந்தா தொடைக்கு ஏறும், அப்புறம் ரத்தத்துல கலக்கும். காலா உயிரான்னு வந்தா நான் என்ன சொல்லட்டும், சொல்லுங்க?"

அம்பி தி. நகரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். இருப்பது ஒரே ஒரு மாருதி. வாத்தியார் உட்காரும் பக்கத்தில் இரண்டாவதாக ஒரு பிரேக் வைத்திருப்பான். ஸ்டியரிங்கைப் பிடித்த மாமிகள் பாண்டி பஜாரில் பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொள்ளும்போதெல்லாம் ஜனங்களைக் காப்பாற்றியது அந்த வலது கால்தான். கடைசியில் ஒரு மாமிக்கு ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று காரை விட்டு இறங்கிப் பின்னால் நின்று கை காட்டினான். மாமி அவனையும் சுவரையும் சேர்த்து இடித்துவிட்டாள். கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து வெளியே எட்டிப் பார்த்தது.

தூக்கிக்கொண்டு ஓடியது மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்புறம் இருக்கும் பன்னிரண்டு படுக்கை நர்சிங் ஹோமுக்கு. வேறு எங்கே போவோம்? அங்கே தலைமை நர்ஸ் எங்கள் அம்மா பங்கஜம்.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் நர்ஸ் வேலைக்குப் போன முதல் மாமி அவள். "ரத்தமும் சீழும் தொட்டுட்டு வந்து சமைக்கறாளாம்" என்று ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார்கள். அம்மா ஒருத்தருக்கும் பதில் சொல்லவில்லை. விடியற்காலம் குளித்துவிட்டுப் போவாள், வந்ததும் குளிப்பாள். கொடியில் உலர்த்திய மடித் துணி, பளபளவென்று தேய்த்த பாத்திரம், எதிலும் ஒரு ஒழுங்கு. வீட்டில் எதையும் "இல்லை" என்று சொல்ல விடமாட்டாள். அரிசி தீர்ந்தால் "நிறைஞ்சிருக்கு" என்பாள். அப்பா சுப்பராமன் பையை எடுத்துக்கொண்டு பேசாமல் கடைக்குக் கிளம்பிவிடுவார். பிறகு அதே தெருக்காரர்களே, "பங்கஜம் கை பட்டாப் போறும், புண்ணு ஆறிடும்" என்று வாசலில் வந்து நின்றார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் அம்மா சம்பாதித்த பேர் அது.

அந்தக் கைதான் அம்பிக்கும் தினம் காலையில் கட்டுப் போட்டது. ஆனாலும் புண் ஆறவில்லை. பச்சை நிறத்தில் சீழ் கசிந்தது. அறைக்குள் நுழைந்தாலே ஒரு மாதிரி புழுங்கிய வாடை அடித்தது.

எனக்கு இதில் கூடுதலாக ஓர் அவமானம். அந்தக் கிருமிக்குப் பெயர் சூடோமோனாஸ். அதன் புரதங்களை ஆராய்வதற்குத்தான் அடையாறில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குள்ளேயே பிறந்து வளர்ந்து, ஆஸ்பத்திரி மருந்தையெல்லாம் தின்று கொழுத்த ஜாதி அது. மருந்து உள்ளே நுழைவதற்கு அதன் மேல்தோலில் வாசல் போல ஒரு புரதம் உண்டு. இந்த ஜாதி அந்த வாசலையே அடைத்துவிட்டது. ஊசி பம்பாயிலிருந்து வந்தால் என்ன, சீமையிலிருந்து வந்தால் என்ன, வெளியே நிற்க வேண்டியதுதான்.

அறைக்குள் போனேன். அம்பி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அம்மா அவன் தலைமாட்டில் நின்று நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"அழாதேடி" என்றான் அம்பி. "ஒரு கால்தானே? என் தொழிலுக்கு ஒரு கால் போறும். பிரேக் மிதிச்சாப் போறாதா?"

"பிரேக் மிதிக்கறது இந்தக் கால்தாண்டா, அசடே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவன் முகம் கோணிக்கொண்டது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான்.

"இது தானா வரலை. இந்தக் கட்டடத்துக்குள்ளதான் எங்கேயோ இருந்துண்டு வர்றது. எவன் அலட்சியமோ, எவ அழுக்கோ! கண்டுபிடிச்சேன்னா கையை ஒடிக்கறேனா இல்லையா பார்!" என்று வார்டே கேட்கக் கத்தினேன்.

"ஒடி" என்றாள் அம்மா. அவள் கண் சிவந்திருந்தது. "நானே பிடிச்சுண்டு குடுக்கறேன். என் குழந்தை காலுக்கு உலை வெச்சவாளை நான் மட்டும் விட்டுடுவேனா?"

அன்று மத்தியானமே ஒரு பெட்டி நிறையப் பஞ்சுக் குச்சிகளோடு திரும்பி வந்தேன். டாக்டர் தடுக்கவில்லை. அதே வார்டில் இன்னும் மூன்று பேருக்குப் பச்சைச் சீழ். அம்பியின் புண்ணிலிருந்தும் அவர்கள் புண்ணிலிருந்தும் எடுத்தேன். கை கழுவும் தொட்டி, குழாய், கட்டில் கம்பி, ஆபரேஷன் மேஜை எல்லாவற்றிலும் துடைத்து எடுத்தேன். டாக்டரின் கையை நீட்டச் சொன்னேன். அம்மா தானாகவே நீட்டினாள்.

ஆயா கோவிந்தம்மா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். எனக்கு அவள் மேல்தான் சந்தேகம். பெட் பானும் அவள்தான் கழுவுகிறாள், கட்டுத் துணியும் அவள்தான் மடிக்கிறாள்.

"கையக் காட்டு கோவிந்தம்மா" என்று அதட்டினேன்.

"இன்னாம்மா, திருடிய புடிக்கிற கணக்கா மெரட்டுற? பினாயில்ல உட்டு உட்டு என் கைத்தோலே உரிஞ்சி கீது. இதுல எங்கேர்ந்து பூச்சி வரும்? உங்க தம்பி காலுக்கு நானும்தான் மாதாவாண்ட மெழுகுவத்தி வெச்சிக்கினு கீறேன்."

"பேச்சு வேண்டாம், கை!"

முணுமுணுத்துக்கொண்டே நீட்டினாள். கடைசியாகக் கட்டுப் போடும் தள்ளுவண்டி. அதன் மேல்தட்டில் புண் துடைக்கும் லோஷன் ஜாடி இருந்தது. மஞ்சள் நிறத்தில், மூக்கில் ஏறும் வாசனையோடு இருக்கும் கிருமிநாசினி அது. ஜாடி எங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடி. வெள்ளையும் பழுப்புமாகக் கனத்த பீங்கான். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அங்கே இருந்த கண்ணாடி ஜாடி உடைந்துபோய், அம்மா வீட்டிலிருந்து கொண்டுபோய் வைத்தது.

"இதுலயுமா? இது கிருமியைக் கொல்ற மருந்துடி" என்று சிரித்தாள் அம்மா.

"ஒண்ணு விடாம எடுத்துண்டேன்னு இருக்கட்டும்மா." அவளே மூடியைத் திறந்து பிடித்தாள். நான் குச்சியை விட்டு எடுத்தேன்.

அடுத்த இரண்டு நாள் நான் சாப்பிட்டதும் தூங்கியதும் எனக்கு நினைவில்லை. எடுத்த குச்சிகளில் முக்கால்வாசிக்கு மேல் அந்தக் கிருமி வளரவில்லை. குழாயில் இல்லை, கட்டிலில் இல்லை. கோவிந்தம்மாவின் கை சுத்தம். சொல்லப்போனால் என் கையை விடச் சுத்தம். வளர்ந்தது ஐந்தே ஐந்து. அம்பியின் புண், மற்ற மூன்று பேரின் புண், அப்புறம் அந்த ஜாடி.

ஜாடியில் வளர்ந்ததைப் பார்த்ததும் முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் கைதான் எங்கேயோ தப்புப் பண்ணியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். கிருமிநாசினிக்குள் கிருமியாவது! சரி, வளர்ந்ததுதான் வளர்ந்தது, எந்த ஜாதி என்று பார்த்துவிடலாம். ஐந்திலும் வளர்ந்த கிருமிகளை உடைத்து மேல்தோல் புரதங்களைப் பிரித்தேன். ஆறாவதாக, போன மாதம் அதே நர்சிங் ஹோமிலிருந்து டாக்டர் எங்கள் லாபுக்கு அனுப்பியிருந்த ஒரு மாதிரியையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சேர்த்தேன். ஆறாம் நம்பர் படுக்கையில் இருந்த பெரியவருடையது. குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்து, புண் ஆறாமல் செத்துப் போனவர்.

வேலை இதுதான். கூழ் மாதிரியான ஒரு மெல்லிய தகட்டின் மேல்விளிம்பில் பக்கத்துப் பக்கத்தில் புரதங்களை ஊற்றி, மின்சாரம் பாய்ச்சினால் அவை கீழ்நோக்கி ஓடும். சின்னது வேகமாக ஓடும், பெரியது பின்தங்கும். நீலச் சாயம் ஏற்றி, அதிகச் சாயத்தைக் கழுவிவிட்டால், ஒவ்வொன்றும் ஏணிப்படி மாதிரி நீலக் கோடுகளாக நிற்கும். ஒரே தாயிடமிருந்து வந்த கிருமிகளுக்கு ஏணி ஒரே மாதிரி இருக்கும்.

வியாழக்கிழமை காலையில் சாயம் கழிந்த தகட்டை விளக்குப் பெட்டியின் மேல் வைத்தேன். ஆறு ஏணிகள். ஆறும் ஒன்று. வாசல் புரதத்தின் கோடு இருக்க வேண்டிய இடம் ஆறிலும் காலி. அளவுகோல் வைத்துப் பார்த்தேன், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன், தகட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ஒரு நூல் பிசகவில்லை.

ஊசி தோற்கவில்லை. அம்பியின் உடம்பும் தோற்கவில்லை. தினம் காலையில் புண்ணைச் சுத்தம் பண்ணுகிறோம் என்று அதே கிருமியைப் பஞ்சில் தோய்த்துப் பூசிக்கொண்டிருக்கிறார்கள். பூசுவதை நிறுத்தினால் கால் தப்பிக்கக்கூடும். பூசுகிறவள் அம்மா.

தகட்டை என் சாப்பாட்டு டப்பாவில் அமிலத் தண்ணீரோடு மிதக்கவிட்டு, மூடியை அழுத்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். மழை பிடித்துக்கொண்டிருந்தது. காடி வாடை குப்பென்று அடித்தது.

"இன்னா மேடம், ஊறுகாயா? வாசனை தூக்குது" என்றான் டிரைவர்.

"ஊறுகாய்தான். வேகமாப் போப்பா."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். டாக்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். ஜாடியைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். அம்மாவுக்குத் தெரியவே வேண்டாம். கோவிந்தம்மாதான் அழுக்குத் துணியை உள்ளே விட்டிருப்பாள், அல்லது புதிதாக வந்த நர்ஸ் பெண் யாராவது. அம்மாவாக இருக்காது. கபாலீசுவரா, அம்மாவாக இருக்கவே கூடாது என்று வாய்விட்டே சொன்னேன்.

வார்டுக்குள் நுழைந்தபோது அம்பியின் கட்டு அவிழ்ந்து கிடந்தது. டாக்டர் கால்மாட்டில் நின்றிருந்தார். கோவிந்தம்மா தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா இடுக்கியால் ஜாடியிலிருந்து ஒரு பஞ்சு உருண்டையை எடுத்துப் பிழிந்து, புண்ணை நோக்கிக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். மஞ்சளாக ஒரு சொட்டு நுனியில் தொங்கியது.

"தொடாதே!" என்று அலறினேன். "அம்மா, அதை அவன் மேல வைக்காதே!"

ஒத்திகை எல்லாம் காற்றில் போயிற்று. அந்தச் சொட்டு விழுவதற்குள் நான் வேறு என்ன செய்ய முடியும்? பஞ்சு தரையில் விழுந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். டப்பாவைத் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் டாக்டரிடம் காட்டினேன். ஏணி ஏணியாகச் சொன்னேன். அம்பி, இந்த மூணு பேர், ஆறாம் நம்பர், கடைசியில் ஜாடி. டாக்டரின் முகம் வெளுத்துப்போனது.

"அது எப்படிடி?" என்றாள் அம்மா. அவளுக்குக் கோபம். "தினம் நானே என் கையால புதுசாக் கலந்து விடறேன். ஒரு நாள் தவறினதில்லை."

"பழசைக் கொட்டிட்டுத்தானேம்மா விடுவே?"

"கொட்டறதாவது? அடியில கொஞ்சம் இருக்கும். அதுக்கு மேல விடுவேன்."

"கழுவி, துடைச்சு, வேக வெச்சு..."

"நிறைஞ்ச பாத்திரத்தை யாராவது துடைச்சுக் கவுப்பாளா? அரிசிப் பானையைத் துடைப்பயா, எண்ணெய்த் தூக்கைத் துடைப்பயா? கொஞ்சம் விட்டு வெச்சு மேல விட்டாத்தானே பெருகும்?" அம்மா பெருமையோடு தலையை நிமிர்த்திக்கொண்டாள். "நான் கொண்டுவந்து வெச்ச அன்னிலேர்ந்து இந்த ஜாடி ஒரு நாள் கூட வெறுமையா இருந்ததில்லை. கேட்டுக்கோ."

டாக்டர் ஜாடியைத் தூக்கி, லோஷனைத் தொட்டியில் ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் கொழகொழவென்று பச்சையாக ஒன்று வழுக்கி வந்து விழுந்தது. பாசி பிடித்த கிணற்றுப் படி மாதிரி அடி முழுக்க வழவழத்தது. பீங்கான் என்பதால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. வருஷக்கணக்காக மருந்துக்குள்ளேயே கிடந்து, மருந்தையே குடித்துப் பழகியிருந்தது.

"யம்மாடி!" என்று கோவிந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா குனிந்து ஜாடிக்குள் பார்த்தாள். நிமிர்ந்தபோது அது எங்கள் அம்மாவின் முகமாக இல்லை. அம்பியின் காலைப் பார்த்தாள். அந்த மூன்று கட்டில்களைப் பார்த்தாள். பிறகு யாரும் படுக்காமல் விரித்து வைத்திருந்த ஆறாம் நம்பரைப் பார்த்தாள்.

"அந்தப் பெரியவருக்கும் நான்தானேடி கட்டினேன்?" என்றாள்.

நான் டப்பாவின் மூடியை எடுத்து அழுத்தி மூடினேன்.

"சிஸ்டர், இந்த ஜாடியை நானும்தான் தினம் பார்த்தேன். ஒரு நாள் கவுத்துப் பார்க்கணும்னு எனக்கும் தோணலை" என்று டாக்டர் சொன்னார். அது அம்மாவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினாள்.

"ஒடிக்கறேன்னயே. ஒடி."

"அம்மா, பைத்தியமாட்டம் பேசாதே!" என்று கத்தினேன். கத்தும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். எப்போதும் போல மருந்து வாடையும் சந்தன சோப்பு வாடையும் அடித்தது. கட்டிலில் அம்பி, "அம்மா, இங்கே வாம்மா, என்கிட்ட வாம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் போகவில்லை. அவனைத் தொடப் பயந்தாள்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷனை டாக்டர் தள்ளிப் போட்டார். கொதிக்க வைத்து ஆறவிட்ட உப்புத் தண்ணீராலும், காடி மாதிரி லேசான அமிலத்தாலும் புண்ணைக் கழுவச் சொன்னேன். இந்த ஜாதிக்குப் புளிப்பு ஆகாது. அவர் செத்த எலும்புச் சில்லுகளைச் சுரண்டி எடுத்தார். அடுத்த வாரம் பச்சை குறைந்தது. காய்ச்சல் விட்டது. அதற்கும் அடுத்த வாரம் ஒரு காலையில் டாக்டர் கட்டை அவிழ்த்துவிட்டு, "இங்கே வந்து பாருங்க" என்றார். புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை. "கால் இருக்கும். கொஞ்சம் நொண்டுவார், ஆனா இருக்கும்" என்றார். அம்பி கோவிந்தம்மாவின் உரிந்த கையைப் பிடித்து முத்தம் கொடுத்தான். "அய்ய, உடு நைனா!" என்று அவள் சிரித்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத்த உடும்மா, சிஸ்டரம்மா எப்ப வரும்?" என்றாள்.

சிஸ்டரம்மா வருவதாக இல்லை. டாக்டர் இரண்டு தரம் வீட்டுக்கே வந்து கூப்பிட்டும் அம்மா போகவில்லை. வீட்டில் அவள் செய்த காரியம் என்னை அதைவிடக் கலங்கடித்தது. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நான் வந்து பார்த்தபோது சமையலறையில் ஒவ்வொரு பாத்திரமும் கவிழ்ந்து கிடந்தது. அரிசி டின், எண்ணெய்த் தூக்கு, உப்பு ஜாடி, மஞ்சள் பொடி டப்பா எல்லாம். அன்றிலிருந்து அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அப்பா வாங்கி வந்தார். சாயங்காலம் அம்மா எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, வெயில் படும் ஜன்னலில் கவிழ்த்து வைத்தாள். பூஜை பண்ணுகிற மாதிரி செய்தாள்.

கால் பிழைத்த செய்தியோடு ஓடினேன். அம்மா கேட்டுவிட்டு, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டாள். பிறகு ஸ்வாமி அலமாரியிலிருந்து ஒரு மரச் சிமிழை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். அவளுடைய குங்குமச் சிமிழ்.

"இது ஒண்ணுதான் பாக்கி. கல்யாணத்தன்னிலேர்ந்து காலி பண்ணினதில்லை, மேல மேல போட்டுண்டிருக்கேன். கவுத்துடலாம்னு எடுப்பேன். உங்கப்பா முகம் ஞாபகம் வரும், கை வராது." விரலால் சிமிழின் மூடியைத் தடவினாள். "இதைத் தொட்ட கையாலதானேடி தினம் போய் எல்லாருக்கும் கட்டினேன்? இதையும் கொட்டிடணுமா?"

அப்போதுதான் கவனித்தேன். நெற்றி வெறுமையாக இருந்தது. எத்தனை நாளாகவோ.

"வேண்டாம்மா. இது காஞ்ச பொடி. ஈரம் இல்லாத இடத்துல அந்தக் கிருமி வளராது."

"நிஜமாச் சொல்றயா, அம்மா பாவம்னு சொல்றயா?"

வாயால் சொன்னால் நம்பமாட்டாள் என்று தெரிந்தது. சிமிழைக் கைப்பையில் போட்டுக்கொண்டு லாபுக்குப் போனேன். அந்தக் கிருமி வளர்வதற்கென்றே சத்துக்கூழ் ஊற்றிய தட்டு ஒன்றை எடுத்துக் குங்குமத்தைத் தடவினேன். இரண்டு நாள் சூட்டில் வைத்திருந்து எடுத்து, மூடியை ஒட்டி, தட்டையே வீட்டுக்குக் கொண்டுபோனேன். பக்கத்தில் வைத்துப் பார்க்க அம்பியின் புண்ணிலிருந்து வளர்த்த பழைய தட்டும் ஒன்று.

அம்மா இரண்டையும் ஜன்னலருகே எடுத்துப் போனாள். அம்பியின் தட்டு முழுக்கப் பச்சையாகப் பொங்கியிருந்தது. அதைச் சட்டென்று கீழே வைத்துவிட்டாள். தன்னுடையதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிவப்பாகத் தடவிய கோடுகள் அப்படியே இருந்தன. சுற்றி ஒரு புள்ளி கூடக் கிடையாது.

"இல்லையேடி" என்றாள் அம்மா. எந்தப் பாத்திரத்தைப் பார்த்தும் முப்பது வருஷமாக அவள் வாயால் நான் கேட்டிராத வார்த்தை. "ஒண்ணுமே இல்லையே, ஹம்சா" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.